குப்பைக்கூடைக்கு விதி எழுதியவர் யார்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

அஞ்சல்காரரின் மிதிவண்டி மணியோசைக்காகத் திண்ணையில் காத்திருந்த காலம் மலையேறிவிட்டது. கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, நேர்முகத் தேர்வு என எல்லா அழைப்புகளும் இன்று மின்னஞ்சலில் வருகின்றன. நமக்கு எழுதப்பட்ட கடிதம் நம் கைக்கு வந்து சேருமா, சேராதா என்பதைத் தீர்மானிப்பது இன்று ஒரு மென்பொருள். குப்பை அஞ்சலை வடிகட்டும் அந்த மென்பொருள், வேலையைத் தொடங்குமுன் எந்தெந்த விதிக் கோப்புகளை எந்த வரிசையில் படிக்கிறது என்பது கணினித் துறையார் மட்டுமே கவலைப்பட வேண்டிய செய்தி என்று பலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

முதலாண்டில் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தேன். மூலச் சான்றிதழ்களுடன் இன்ன நாளுக்குள் நேரில் வரவேண்டும் என்று அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், என் அஞ்சல் பெட்டியில் ‘ஸ்பேம்’ என்னும் மூலைக்குள் போய் விழுந்துவிட்டது. நான் அதைப் பார்த்தபோது குறித்த நாள் கடந்து ஒன்பது நாள்கள் ஆகியிருந்தன. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தொகை வந்தால் எனக்காக வாங்கிய கடனில் பாதியை அடைத்துவிடலாம் என்று அப்பா கணக்குப் போட்டு வைத்திருந்தார். செய்தி கேட்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டார்:

“உனக்கு வந்த கடுதாசிய யாருப்பா குப்பையில போட்டது?”

“யாரும் போடலம்மா. கம்ப்யூட்டரே போட்டுருச்சு.”

“அதுவா எப்படிப் போடும்? போடச் சொல்லி யாராச்சும் சொல்லி வச்சிருப்பாங்கல்ல?”

எழுத்தறியாத என் தாயின் இந்தக் கேள்விக்குக் கணினி அறிவியல் படிக்கும் என்னிடம் விடை இல்லை. அந்த விடையைத் தேடிப் போனதன் பயனே இக்கட்டுரை.

ஒரு திறந்த ஏடு

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வடிகட்டியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1978 மே மாதத்தில், இணையத்திற்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையில், ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் சில நூறு பேருக்கு ஒரே நேரத்தில் விளம்பரம் அனுப்பினார். அன்று தொடங்கிய தொல்லை இன்றுவரை ஓயவில்லை. வடிகட்டி இல்லாவிட்டால் நல்ல கடிதமும் குப்பைக்குள் புதைந்து போகும். வடிகட்டி யார் சொல்லைக் கேட்கிறது என்பதே என் கேள்வி.

என் கடிதத்தை ஒதுக்கிய வடிகட்டி ஒரு மூடிய பெட்டி. அதனுள் எந்த விதி என் கடிதத்தைத் தள்ளியது என்று அறிய எனக்கு வழியில்லை. ஆனால் இதே வேலையைச் செய்யும் திறந்த மென்பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்பாம் அஸாசின். மார்க் ஜெஃப்டோவிக் என்பவர் 1997-இல் எழுதிய ஒரு சிறு நிரலிலிருந்து வளர்ந்தது இது. ஜஸ்டின் மேசன் என்னும் நிரலாளர் அதனைப் புதிதாக எழுதி 2001 ஏப்ரலில் வெளியிட்டார். 2004 முதல் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்து வருகிறது. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட அதன் நிரலையும் விதிகளையும் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நான் படித்தேன்.

அது வேலை செய்யும் முறை நமக்கு நன்கு பழக்கமானதே. தேர்வுத்தாள் திருத்துவது போல ஒவ்வொரு கடிதத்துக்கும் மதிப்பெண் போடுகிறது. ஆனால் இங்கே மதிப்பெண் கூடினால் தோல்வி! தலைப்பில் ஒரு குறை இருந்தால் இத்தனை, உள்ளே ஐயத்துக்குரிய சொற்றொடர் இருந்தால் இத்தனை என்று நூற்றுக்கணக்கான விதிகள் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கூட்டும். நற்குறி கண்டால் கழிக்கவும் செய்யும். கூட்டுத்தொகை 5-ஐ எட்டினால் அது குப்பை என்று முத்திரை குத்தப்படும். எந்தெந்த விதிகளால் இந்த மதிப்பெண் வந்தது என்பதையும் கடிதத்தின் தலைப்பகுதியிலேயே எழுதி வைத்துவிடும். காரணம் சொல்லித் தீர்ப்பளிக்கும் நீதிபதி எனலாம்.

படிக்கும் வரிசை

இந்த விதிகளும் மதிப்பெண்களும் நிரலுக்குள் புதைக்கப்பட்டவை அல்ல. தனித்தனி அமைப்புக் கோப்புகளில் சாதாரண எழுத்துகளில் இருக்கின்றன. மென்பொருள் தொடங்கும்போது அவற்றை ஒரு குறிப்பிட்ட வரிசையில் நினைவகத்தில் ஏற்றிக்கொள்கிறது.

முதலில் வருபவை ‘பிரீ’ என்று முடியும் கோப்புகள். எந்தெந்தச் செருகுநிரல்கள் தேவை என்பதை இவை சொல்கின்றன. ஒரு கருவி வந்து சேருமுன் அதற்கான கட்டளை வந்தால் மென்பொருளுக்கு அது புரியாது. கொத்தனார் வருமுன் சுவருக்கு அளவு சொல்லி என்ன பயன்? ஆகவேதான் கருவிகள் முதலில், கட்டளைகள் பிறகு.

அடுத்து வருபவை பொது விதிகள். உலகம் முழுவதற்கும் பொதுவாக, இந்த மென்பொருளைப் பேணும் குழுவினர் எழுதியவை. ‘சி.எஃப்.’ என்று முடியும் இக்கோப்புகள் பெயரின் அகர வரிசையில் படிக்கப்படுகின்றன. 10 என்று தொடங்கும் கோப்பு முந்தும். விதிகளைச் சொல்லும் 20-ஆம் எண் கோப்புகள் அடுத்து. மதிப்பெண்களைச் சொல்லும் 50-ஆம் எண் கோப்பு அதற்கும் பின்.

மூன்றாவதாக, அந்தக் கணினியை நடத்தும் அலுவலகமோ கல்லூரியோ எழுதிக்கொள்ளும் உள்ளூர் விதிகள். இவற்றில் முதன்மையானது ‘லோக்கல்.சி.எஃப்.’ என்னும் கோப்பு. கடைசியாக, ஒவ்வொரு பயனரும் தம் வீட்டு அறைக்குள் வைத்துக்கொள்ளும் ‘யூசர் பிரெஃப்ஸ்’ என்னும் விருப்பக் கோப்பு.

இதில் என்னை வியக்கவைத்த செய்தி இதுதான்: ஒரே பொருளைப் பற்றி இரண்டு கோப்புகள் மாறுபட்டுப் பேசினால், பின்னால் படிக்கப்பட்டதே செல்லும். பொதுக் குழு 5 என்கிறது. கல்லூரி 6 என்கிறது. நான் 8 என்று எழுதினால் என் அஞ்சலுக்கு 8-தான் வரம்பு. நாம் பழகிய நிருவாக உலகில் மேலிடத்து ஆணைதான் கடைசிச் சொல். இங்கே தலைகீழ்! தொலைவில் இருப்பவர் முதலில் பேசுகிறார். பக்கத்தில் இருப்பவர் பிறகு பேசுகிறார். கடிதத்துக்கு உரியவர் இறுதியில் பேசுகிறார். அவர் சொல்லே நிற்கிறது. கடிதத்தின் இழப்பு யாருக்கோ, கடைசிச் சொல்லும் அவருக்கே. இதைவிட நியாயமான ஒழுங்கு வேறு உண்டா?

அந்தக் கடைசிக் கோப்பில் இன்னாரிடமிருந்து வரும் அஞ்சலை வரவேற்கிறேன் என்று ஒரு வரி எழுதினால், அந்த முகவரியிலிருந்து வரும் கடிதத்துக்கு 100 மதிப்பெண் கழிக்கப்படும். முன்பு வெள்ளைப் பட்டியல் எனப்பட்ட இது, 2022 டிசம்பரில் வந்த 4.0 பதிப்பிலிருந்து வரவேற்புப் பட்டியல் என்று பெயர் மாறியிருக்கிறது. அந்த ஒரு வரியை எழுதும் வசதியும் அறிவும் எனக்கு இருந்திருந்தால் என் உதவித்தொகை போயிருக்காது.

பயனருக்கு எல்லா உரிமையும் உண்டு என்பதும் இல்லை. பலருக்குப் பொதுவான சர்வரில், இருக்கும் விதியின் மதிப்பெண்ணை மாற்றலாம். அதைச் சுழியாக்கி அணைத்தும் விடலாம். ஆனால் புத்தம் புதிய விதியைத் தாமே எழுத இயல்பாக இடம் தரப்படுவதில்லை. ஒருவர் எழுதும் கோணலான விதி எல்லோருடைய அஞ்சலையும் முடக்கிவிடக்கூடும் அன்றோ? இந்தக் கட்டுப்பாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். காரணத்தோடு வரும் கட்டுப்பாடு அடிமைத்தனம் ஆகாது.

ஏட்டுச் சுரைக்காய்

படித்ததைச் செய்து பார்க்க எங்கள் துறை ஆய்வகத்துப் பழைய கணினி ஒன்றைக் கேட்டேன். பேராசிரியர் இசைவு தந்தார். லினக்ஸ் நிறுவி, ஆய்வகத்துக்குள் மட்டும் இயங்கும் அஞ்சல் சர்வர் ஒன்றை நண்பர் இருவருடன் அமைத்தேன். உள்ளூர்க் கோப்பில் வரம்பை 8 என்று மாற்றிச் சேமித்துவிட்டுச் சோதனைக் கடிதம் அனுப்பினேன். மென்பொருள் 5 என்றே சாதித்தது. கோப்பைத் திறந்து பார்த்தால் 8 என்று பளிச்சென்று நிற்கிறது! மதியம் முழுவதும் இப்படியே போயிற்று. மாலையில் அறையைப் பூட்ட வந்த ஆய்வக உதவியாளர் எட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்க எழுதினது சரி. ஆனா ஓடிக்கிட்டு இருக்கிறது காலையில ஏத்தினதுதானே? ஒரு தடவ நிறுத்திட்டு மறுபடி ஓட விடுங்க” என்றார். செய்தேன், 8 வந்தது.

பின்னணியில் ஓயாமல் ஓடும் சர்வர், தொடங்கும்போது ஒருமுறை பொதுக் கோப்புகளையும் உள்ளூர்க் கோப்புகளையும் படித்து நினைவில் வைத்துக்கொள்கிறது. அதன் பிறகு நாம் வட்டில் என்ன எழுதினாலும், மீண்டும் படிக்கச் சொல்லும் வரை அதற்குத் தெரியாது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எழுதிய விதி வேறு, ஏற்றிய விதி வேறு என்பதை அன்று கற்றேன்.

இன்னொன்றும் கற்றேன். ஒரு வரியில் எழுத்துப்பிழை இருந்தால் மென்பொருள் நின்று கூச்சலிடுவதில்லை. அந்த வரியைத் தாண்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. நாமோ விதி நடைமுறையில் இருப்பதாக நம்பிக்கொண்டிருப்போம். இதற்காகவே ‘லிண்ட்’ என்னும் சோதனைக் கட்டளை ஒன்று இருக்கிறது. கோப்புகளை எல்லாம் படித்துப் பார்த்து, புரியாத வரி இன்னது என்று அது சொல்லும்.

2010 புத்தாண்டுப் பாடம்

ஆய்வகத்தில் நான் இழந்தது ஒரு பிற்பகல். உலகின் பல சர்வர்கள் இதே பாடத்தை இன்னும் பெரிய விலை கொடுத்துக் கற்றிருக்கின்றன.

குப்பை அஞ்சல் அனுப்புவோர் தங்கள் கடிதம் பெட்டியில் எப்போதும் மேலே நிற்க வேண்டும் என்பதற்காக, வருங்காலத் தேதியிட்டு அனுப்புவதுண்டு. அதைப் பிடிக்க ஸ்பாம் அஸாசினில் ஒரு விதி இருந்தது. தேதியில் 2010 முதல் 2099 வரையான ஆண்டு எது இருந்தாலும் அது நெடுந்தொலைவு எதிர்காலம் என்று கொள்ளும் விதி. எழுதிய நாளில் அது சரியே. ஆனால் காலம் நிற்குமா? 2010 ஜனவரி 1 பிறந்தது. அன்று எழுதப்பட்ட ஒவ்வொரு நேர்மையான கடிதமும் எதிர்காலத்திலிருந்து வந்ததாகக் கருதப்பட்டது. பல இடங்களில் 3-க்கு மேற்பட்ட மதிப்பெண் இந்த ஒரு விதியால் மட்டும் ஏறியது. வரம்போ 5. வேறு சிறு குறை ஒன்றிரண்டு இருந்த கடிதங்களெல்லாம் குப்பைக்குப் போயின.

இதில் வேதனை என்னவென்றால், பிழை முன்பே கண்டுபிடிக்கப்பட்டு, 2009-லேயே நிரல் களஞ்சியத்தில் திருத்தப்பட்டிருந்தது. ஆனால் அந்தத் திருத்தம் அன்று பலரும் பயன்படுத்திய 3.2 பதிப்புக்கான விதிப் புதுப்பிப்பில் சேர்க்கப்படவில்லை. திருத்தம் ஏட்டில் இருந்தது. இயங்கும் கணினிகளில் இல்லை! புத்தாண்டு அன்றே குழுவினர் விழித்துக்கொண்டு புதுப்பிப்பை வெளியிட்டார்கள். அதற்குள்ளாகவே தப்பித்துக்கொண்டவர்களும் உண்டு. அவர்கள் செய்ததெல்லாம் தங்கள் உள்ளூர்க் கோப்பில் அந்த விதிக்கு மதிப்பெண் 0 என்று ஒரே ஒரு வரி எழுதி, மென்பொருளை மீண்டும் ஓடவிட்டதுதான்.

மேலே இருப்பவர்கள் நல்லவர்களாகவும் திறமையானவர்களாகவும் இருந்தும் பிழை நேர்ந்தது. ஆகவே நல்லவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட முடியாது. பிழை நேரும்போது தன் அளவில் திருத்திக்கொள்ளும் இடம் ஒன்று கீழே இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களும் அங்கே இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பயனில்லை.

நம் மொழிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கடிதம் எந்த மொழியில் உள்ளது என்று ஊகிக்கும் செருகுநிரல் ஒன்று இம்மென்பொருளில் இருக்கிறது. அதன் பட்டியலில் தமிழும் இருக்கிறது. எல்லா மொழிகளுக்கும் இசைவு என்பதே அதன் இயல்பான நிலை. ஆனால் ஒரு நிருவாகி ஆங்கிலம் மட்டும் போதும் என்று உள்ளூர்க் கோப்பில் எழுதி அதை இயக்கிவிட்டால், தமிழில் எழுதியதே கடிதத்தின் குற்றமாகி மதிப்பெண் ஏறும். பயனர் தம் கோப்பில் தமிழையும் சேர்த்துக்கொள்ளலாம். தெரிந்தால்தானே சேர்ப்பார்?

மறுப்புகளுக்கு மறுமொழி

விதிகளைத் திறந்து வைத்தால் திருடனுக்குச் சாவி கொடுத்ததாகாதா என்று சிலர் கேட்பார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. குப்பை அனுப்புவோரும் விதிகளைப் படித்துத் தப்ப முயல்வார்கள். ஆயினும் 2001 முதல் விதிகளைத் திறந்து வைத்திருக்கும் இந்த மென்பொருள் இன்றும் பயனில் இருக்கிறது. விதிகள் அடிக்கடி புதுப்பிக்கப்படுகின்றன. அன்றியும், அவரவர் அஞ்சலைக் கொண்டே கற்றுக்கொள்ளும் ஒரு பகுதியும் அதில் உண்டு. நல்லவை 200, கெட்டவை 200 காட்டிக் கற்பிக்கும் வரை அது வாய் திறப்பதில்லை. கற்றபின் அது என்ன முடிவுக்கு வரும் என்பது வெளியார்க்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் மூடிவைப்பதற்கு இது போதிய காரணம் ஆகாது.

‘இது ஸ்பேம் அன்று’ என்னும் பொத்தானை அழுத்தினால் போதாதா என்பார் இன்னொருவர். பொத்தான் நல்லதே. ஆனால் கடிதம் கண்ணில் பட்ட பிறகுதானே அழுத்த முடியும்? என் கண்ணில் பட்டபோது ஒன்பது நாள்கள் கடந்திருந்தன. ஏன் ஒதுக்கினாய் என்ற கேள்விக்கு அந்தப் பொத்தான் விடை சொல்வதும் இல்லை.

என் வேண்டுகோள்

கல்விக் கூடமும் அலுவலகமும் தம் சொந்த அஞ்சல் சர்வரை நடத்தும்போது, உள்ளூர் விதிகள் எவை, வரம்பு எத்தனை என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது போல வெளியிட வேண்டும். விதி மாறும் நாளில் மாறிய செய்தியையும் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்கள் எல்லா விதிகளையும் திறக்காவிட்டாலும், ஒதுக்கிய கடிதத்தோடு காரணத்தையாவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

நம் துறை ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். சி மொழியிலும் பைதானிலும் நாம் நிரல் எழுதப் பழகுகிறோம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளின் அமைப்புக் கோப்பைத் திறந்து படிக்க நமக்கு ஒரு வகுப்புகூட இல்லை. பருவத்துக்கு ஒரே ஓர் ஆய்வகப் பயிற்சி போதும். வடிகட்டியைச் சோதிப்பதற்கென்றே ‘ஜிட்யூப்’ எனப்படும் ஓர் எழுத்துத் தொடர் இருக்கிறது. அதைக் கொண்ட கடிதத்துக்கு 1000 மதிப்பெண் ஏறும். அதை அனுப்பிப் பார்க்கட்டும். தலைப்பில் எழுதிய காரணத்தைப் படிக்கட்டும். ஒரு வரியை மாற்றி, ‘லிண்ட்’ செய்து, மறுபடி ஓடவிட்டு விளைவைக் காணட்டும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை இது.

மாணவ நண்பர்களுக்கும் ஒன்று. வாரம் ஒருமுறையாவது ‘ஸ்பேம்’ மூலையை எட்டிப் பாருங்கள். ஓரிடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிய அன்றே அவர்கள் முகவரியை உங்கள் முகவரிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நம் கைக்கு எட்டும் இடத்தில் நாம் எழுதும் கடைசிக் கோப்பு இப்போதைக்கு அவ்வளவே. முன்னே சென்ற அண்ணனோ அக்காவோ வீட்டில் இருந்தால் இதையெல்லாம் சொல்லியிருப்பார்கள். என்போன்ற முதல் தலைமுறை மாணவர்க்கு இந்த மலர்தான் அண்ணன்.

இவ்வளவையும் அறிந்துகொண்டு விடுமுறையில் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். யாரோ முன்பே விதி எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் நாமும் எழுத ஓர் இடம் இருக்கிறது. கடைசியில் எழுதுகிறவர் சொல்தான் நிற்கும் என்றேன். முறத்தைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: “அப்ப இனிமே நீ எழுதி வையி.”

இந்த ஆண்டு அதே உதவித்தொகைக்கு மீண்டும் விண்ணப்பித்திருக்கிறேன். முகவரியை முன்கூட்டியே பட்டியலில் சேர்த்துவிட்டேன். விதி என்றால் தலையெழுத்து என்று நம் முன்னோர் நம்பினார்கள். கணினியின் விதி தலையில் எழுதியது அன்று, கோப்பில் எழுதியது. கோப்பைத் திறக்கக் கற்போம். நம் வரியையும் அதில் எழுதுவோம். எழுதியது ஏறியதா என்றும் பார்ப்போம்!